ஸ்காபரோ—ரூஜ் ரிவர்: மறைந்துபோன ஒரு கனடியத் தொகுதியின் வரலாற்றை வாசிப்பது எப்படி?

கனடாவின் இன்றைய தேர்தல் வரைபடத்தில் ஸ்காபரோ—ரூஜ் ரிவர் என்ற மத்திய தொகுதி இல்லை. ஒன்ராறியோ மாகாணத்தில், ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் இருந்து, 1988 முதல் 2011 வரை எட்டுப் பொதுத் தேர்தல்களைக் கண்ட தொகுதி அது. அவ்வளவு காலத்திலும் அது தலைநகர் ஒட்டாவாவின் நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது இரண்டே பேரைத்தான். லிபரல் கட்சியின் டெரெக் லீ 1988 இலிருந்து தொடர்ந்து ஏழு முறை வென்றார். 2011 மே 2 ஆம் திகதி புதிய ஜனநாயகக் கட்சியின் ராதிகா சிற்சபைஈசன் வென்றார். கனடிய நாடாளுமன்றத்துக்குத் தெரிவான முதல் தமிழர் அவர். அடுத்த தேர்தலில் அந்தத் தொகுதியே இல்லாமல் போனது.

முதல் தமிழ் உறுப்பினரைத் தந்த தொகுதியை ஏன் உடைத்தார்கள் என்ற கேள்வி எழுவது இயல்பு. விடையில் சூழ்ச்சி எதுவும் இல்லை. பெரும்பாலும் அது ஒரு வகுத்தல் கணக்கு. அந்தக் கணக்கைப் புரிந்துகொண்டால் கனடாவில் மறைந்த எந்தத் தொகுதியின் வரலாற்றையும் படிக்கலாம். அதற்கு முதலில் ஒரு விடயத்தை மனதில் இருத்த வேண்டும். தொகுதியின் பெயர் வேறு, அதன் நிலம் வேறு, அங்கே வாழும் மக்கள் வேறு. மூன்றும் தனித்தனியாக மாறக்கூடியவை. பெயர் அப்படியே இருக்க எல்லை நகரும். எல்லை கிட்டத்தட்ட அப்படியே இருக்கப் பெயர் மாறும். இரண்டும் அசையாமல் இருக்க, இருபது ஆண்டுகளில் குடியிருப்பவர்கள் முழுதாக மாறிவிடுவார்கள். தொகுதி வரலாறு எழுதுபவர்கள் அதிகம் சறுக்குவது இந்த மூன்றையும் ஒன்றாக எண்ணிக்கொள்வதால்தான்.

ஆசனக் கணக்கு

கனடாவில் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை, 1 இல் முடியும் ஆண்டில் எடுக்கும் குடிசனக் கணக்கெடுப்புக்குப் பிறகு, தொகுதிகள் மறுசீரமைக்கப்படுகின்றன. 1867 ஆம் ஆண்டின் அரசியலமைப்புச் சட்டத்திலேயே, 51 ஆம் பிரிவில், இந்தக் கடமை இருக்கிறது. இடையில், 6 இல் முடியும் ஆண்டுகளிலும் கணக்கெடுப்பு நடக்கும். அது தொகுதி எல்லைகளைத் தொடுவதில்லை.

வேலை இரண்டு படிகளாக நடக்கிறது. எந்த மாகாணத்துக்கு எத்தனை ஆசனம் என்பது முதற்படி. அதைச் சட்டத்தில் உள்ள சூத்திரம் தீர்மானிக்கும், ஆட்கள் அல்ல. மாகாணத்துக்குள் கோடுகளை எங்கே போடுவது என்பது இரண்டாம் படி. அதற்கு ஒவ்வொரு மாகாணத்துக்கும் மூவர் கொண்ட சுயாதீன ஆணைக்குழு அமையும். தலைவராக இருப்பவர் மாகாணப் பிரதம நீதியரசர் நியமிக்கும் ஒரு நீதிபதி. மற்ற இருவரை நாடாளுமன்றச் சபாநாயகர் நியமிக்கிறார். இந்த ஆணைக்குழு முறையைக் கொண்டுவந்த சட்டம் 1964 இல் வருவதற்கு முன்னர் எல்லைகளை வரைந்தது நாடாளுமன்றமேதான், அதாவது அரசியல்வாதிகளே.

கீழ்ச்சபை வளர்ந்த அளவைப் பாருங்கள். 1988 இல் 295 ஆசனங்கள், 1997 இல் 301, 2004 இல் 308, 2015 இல் 338, 2025 இல் 343. இதே தேர்தல்களில் ஒன்ராறியோவின் பங்கு 99, 103, 106, 121, 122. 2004 க்கும் 2015 க்கும் நடுவே ஒரு பெரிய தாவல் தெரிகிறது. 2011 டிசம்பரில் நிறைவேறிய ஒரு சட்டம் வேகமாக வளர்ந்த மாகாணங்களுக்கு ஆசனங்களைக் கூட்டியது. ஒன்ராறியோவுக்கு மட்டும் 15 புதிய ஆசனங்கள் கிடைத்தன. இத்தனை ஆசனங்களைப் பழைய கோடுகளுக்கு நடுவே செருக முடியாது. மாகாண வரைபடத்தின் பெரும்பகுதியைத் திரும்ப வரைய வேண்டியதாயிற்று.

இரண்டாம் படியில் ஆணைக்குழு முதலில் போடுவது எளிய வகுத்தல். 2011 கணக்கெடுப்பில் ஒன்ராறியோவின் மக்கள்தொகை 12,851,821. அதை 121 ஆல் வகுத்தால் 106,213. ஒரு தொகுதியில் சராசரியாக இத்தனை பேர் இருக்க வேண்டும். சட்டம் இதிலிருந்து 25 சதவீதம் மேலோ கீழோ போக இடம் கொடுக்கிறது. அப்படியானால் சுமார் 79,660 முதல் 132,766 வரை. அசாதாரண நிலைமை என்று ஆணைக்குழு கருதினால் மட்டும் அதையும் தாண்டலாம். வடக்கு ஒன்ராறியோவின் கெனோராவை அப்படித்தான் ஏறத்தாழ 56,000 பேருடன் விட்டுவைத்தார்கள். அதற்கு மேலும் மக்களைச் சேர்த்தால், ஏற்கெனவே பரந்து கிடக்கும் அந்தத் தொகுதி ஒரே உறுப்பினரால் சுற்றிவர முடியாத அளவுக்குப் பெருத்துவிடும்.

இங்கே எண்ணப்படுவது வாக்காளர்கள் அல்ல, மக்கள். குழந்தைகள், நிரந்தர வதிவிட உரிமை மட்டும் உள்ளவர்கள், குடியுரிமைக்குக் காத்திருப்பவர்கள் எல்லோரும் இந்தத் தொகையில் அடக்கம். புதிதாகக் குடியேறியோர் நிறைந்த தொகுதியில் மக்கள்தொகைக்கும் வாக்காளர் பட்டியலுக்கும் இடையே பெரிய வித்தியாசம் வருவது இதனால்தான். ஸ்காபரோவின் வடகிழக்கு மூலையில் அந்த வித்தியாசத்துக்கு எப்போதுமே கனதி இருந்தது.

பிறப்பு

1988 க்கு முன்னர் ஸ்காபரோவின் வடபகுதியில் பெரும்பாலானவை யோர்க்—ஸ்காபரோ என்ற தொகுதிக்குள் இருந்தன. 1953 தேர்தலிலிருந்து இருந்துவந்த அந்தத் தொகுதி, தோட்டம் துரவெல்லாம் குடியிருப்பாக மாற மாற வீங்கியது. மல்வேர்னை உதாரணமாகச் சொல்லலாம். 1950களில் மத்திய அரசின் வீடமைப்பு நிறுவனம் அங்கே விவசாய நிலத்தைக் கையகப்படுத்தியது. 1970களில்தான் அங்கே வீடுகள் எழத் தொடங்கின. நாட்டிலேயே மக்கள் மிகுந்த தொகுதிகளில் ஒன்றாகிவிட்ட யோர்க்—ஸ்காபரோவை 1987 ஆம் ஆண்டின் பிரதிநிதித்துவ ஆணை, அதாவது தொகுதிகளின் பெயரையும் எல்லையையும் அறிவிக்கும் ஆணை, கலைத்தது. அதிலிருந்தும் அப்போதிருந்த ஸ்காபரோ கிழக்கிலிருந்தும் நிலம் எடுத்து ஸ்காபரோ—ரூஜ் ரிவர் உருவானது.

வடக்கே ஸ்டீல்ஸ் அவென்யூ, தெற்கே பெரும்பாலும் 401 நெடுஞ்சாலை, கிழக்கே பிக்கரிங்கைத் தொடும் நகர எல்லை. மல்வேர்ன், மில்லிகன், ரூஜ் ஆகிய பகுதிகளும், பிற்காலத்தில் எழுந்த மோர்னிங்சைட் ஹைட்ஸும் இதற்குள் வந்தன. ஸ்டீல்ஸ் ரொறன்ரோவின் வடக்கு எல்லை. வீதியைக் கடந்தால் மார்க்கம், அது வேறு நகரம், வேறு தொகுதி. மார்க்கம் ரோட்டும் ஸ்டீல்ஸும் சந்திக்கும் இடத்தைச் சுற்றி வாழும் தமிழர்கள் ஒரே கடைகளில் சாமான் வாங்கினாலும், வடக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் ஒருவருக்கும் தெற்குப் பக்கத்தில் இருப்பவர்கள் வேறொருவருக்கும் வாக்களித்தது இந்தக் கோட்டினால்தான்.

பெயரில் வரும் நீண்ட கோட்டையும் கவனியுங்கள். கனடியத் தொகுதிப் பெயர்களில் நீண்ட கோடு இரண்டு வெவ்வேறு இடங்களைச் சேர்க்கும். சிறிய இணைப்புக்குறி வந்தால் அது ஒரே இடத்தின் பெயருக்குள் இருப்பது. தரவுத்தளங்களில் தேடும்போது சிறிய குறியைத் தட்டினால் சில இடங்களில் ஒன்றுமே வராது. அப்போது வெறும் "ரூஜ் ரிவர்" என்று தேடிப் பாருங்கள்.

இருபத்தேழு ஆண்டுகள்

டெரெக் லீயின் காலத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 1988 இல் முற்போக்கு கொன்சர்வேட்டிவ் கட்சி நாடெங்கும் வென்றபோதும் இந்தத் தொகுதி லிபரல் பக்கம் நின்றது. 2008 வரை அது மாறவில்லை. 1998 ஜனவரி 1 ஆம் திகதி ஸ்காபரோ நகரம் ரொறன்ரோவுடன் இணைக்கப்பட்டது. ஆகவே 1987 ஆணையின் எல்லை விவரிப்பில் "ஸ்காபரோ நகரம்" என்றும், 2003 ஆணையில் "ரொறன்ரோ நகரம்" என்றும் இருக்கும். நிலம் இடம் மாறிவிட்டதாக இதை வாசித்துவிட வேண்டாம்.

2011 வேறு கதை. லீ போட்டியிடவில்லை. ஜக் லேட்டன் தலைமையில் புதிய ஜனநாயகக் கட்சி நாடளாவிய எழுச்சி கண்டது. லிபரல் ஆதரவு சரிந்தது. ராதிகா சிற்சபைஈசன் சுமார் 40 சதவீத வாக்குகளுடன் வென்றார். இரண்டாம் இடம் கொன்சர்வேட்டிவ் கட்சிக்கு. இருபத்து மூன்று ஆண்டுகள் தொகுதியை வைத்திருந்த லிபரல் கட்சி மூன்றாம் இடத்துக்குப் போனது. அதிக வாக்குப் பெற்றவர் வெல்வார் என்ற முறையில் மூன்று கட்சிகளும் பலமாக மோதினால் 40 சதவீதமே தெளிவான வெற்றியாகிவிடும். இந்த வெற்றியைத் தமிழ் வாக்குகளால் மட்டுமே விளக்குவது தவறு. தேசிய அலை, பழைய உறுப்பினரின் விலகல், சமூகத்தின் உழைப்பு என்ற மூன்றும் ஒரே தேர்தலில் கூடியதன் பலன் அது. ஒன்று குறைந்திருந்தாலும் முடிவு சந்தேகமே.

ஏன் கலைத்தார்கள்?

2004 முதல் 2011 வரையிலான வரைபடத்தில் ஸ்காபரோவுக்குள் முழுமையாக ஐந்து தொகுதிகள் இருந்தன: அஜின்கோர்ட், மத்தி, தென்மேற்கு, கில்ட்வூட், ரூஜ் ரிவர். ஆறாவது பாதித் தொகுதி. பிக்கரிங்—ஸ்காபரோ கிழக்கு என்ற பெயரில் அது நகர எல்லையைத் தாண்டி டூரம் பிராந்தியத்துக்குள் போனது. ரொறன்ரோவின் கிழக்கு விளிம்பில் வாழ்ந்தவர்கள் பக்கத்து நகரத்தோடு ஓர் உறுப்பினரைப் பங்கிட்டார்கள்.

2011 கணக்கெடுப்பில் ஸ்காபரோவின் மக்கள்தொகை 625,698. அதை 106,213 ஆல் வகுத்தால் 5.89 வரும். கிட்டத்தட்ட சரியாக ஆறு தொகுதிக்குரிய மக்கள். ஆகவே நகர எல்லையைத் தாண்டாமலே ஆறு முழுத் தொகுதிகளை அமைக்க முடிந்தது. பிக்கரிங் பக்கத்து நிலம் பிரிக்கப்பட்டது, பிக்கரிங்—அக்ஸ்பிரிட்ஜ் என்ற புதிய தொகுதி வந்தது. ஸ்காபரோ பக்கம் மிஞ்சிய கிழக்கு மூலைக்கு மட்டும் ஒரு முழுத் தொகுதிக்கு வேண்டிய மக்கள் இல்லை. குறையை அண்டை நிலத்திலிருந்துதான் நிரப்ப வேண்டும். அண்டையில் இருந்தது ரூஜ் ரிவர்.

அதன் கிழக்குப் பகுதி, பழைய பிக்கரிங்—ஸ்காபரோ கிழக்கின் ஸ்காபரோப் பாதியுடனும் கில்ட்வூட்டின் ஒரு துண்டுடனும் சேர்ந்து ஸ்காபரோ—ரூஜ் பார்க் ஆனது. மேற்குப் பகுதி அஜின்கோர்ட்டிலிருந்து வந்த நிலத்துடன் சேர்ந்து ஸ்காபரோ வடக்கு ஆனது. கோட்டை ஓரிடத்தில் நகர்த்தினால் அந்த அழுத்தம் அடுத்த தொகுதிக்கும் அதற்கடுத்த தொகுதிக்கும் போகும். ஒரு தொகுதி ஏன் மறைந்தது என்பதற்கான காரணம் பல வேளைகளில் அந்தத் தொகுதிக்குள் இருக்காது. அண்டைத் தொகுதிகளின் கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் அகப்படும்.

எந்த நாளில் மறைந்தது?

பலர் தடுமாறும் இடம் இது. புதிய பிரதிநிதித்துவ ஆணை 2013 ஒக்டோபர் 5 ஆம் திகதி பிரகடனமானது. அன்றே பழைய தொகுதி செத்துவிடவில்லை. பிரகடனத்துக்குப் பிறகு குறைந்தது ஏழு மாதங்கள் கழித்து, அதாவது 2014 மே 1 முதல், நாடாளுமன்றம் முதன்முறை எப்போது கலைக்கப்படுகிறதோ அப்போதுதான் புதிய வரைபடம் நடைமுறைக்கு வரும். 2015 ஓகஸ்டில் நாடாளுமன்றம் கலைந்தது. அதுவரை ராதிகா சிற்சபைஈசன் ஸ்காபரோ—ரூஜ் ரிவரின் உறுப்பினராகவே இருந்தார். புதிய எல்லையில் முதல் வாக்களிப்பு 2015 ஒக்டோபர் 19 இல் நடந்தது.

நடுவில் வரும் இடைத்தேர்தல்கள் பழைய எல்லையிலேயே நடக்கும். 2014 ஜூன் 30 இல் பக்கத்து ஸ்காபரோ—அஜின்கோர்ட்டில் ஆர்னல்ட் சான் வென்ற இடைத்தேர்தல் மே 1 க்குப் பிறகு வந்தது. இருந்தும் பழைய வரைபடமே பயன்பட்டது, ஏனென்றால் நாடாளுமன்றம் கலைக்கப்படவில்லை. அஜின்கோர்ட் என்ற பெயர் இரண்டு வரைபடங்களிலும் இருப்பதால், அந்த முடிவைப் புதிய எல்லைக்குரியதாக எடுத்து 2015 முடிவுடன் நேரே ஒப்பிடுபவர்கள் உண்டு. அது பிழையான ஒப்பீடு.

இந்த ஏழு மாதம் முன்னர் ஓராண்டாக இருந்தது. 2003 ஆணை 2004 ஓகஸ்ட் கடைசியில்தான் செல்லுபடியாக வேண்டியிருந்தது. அதற்கு முன்பே தேர்தல் வரலாம் என்ற நிலையில், நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி அதை 2004 ஏப்ரல் 1 க்கு முன்னிழுத்தது. ஜூன் 28 தேர்தல் அதனால்தான் 308 தொகுதிகளில் நடந்தது.

வாக்குகளை இடம் மாற்றுதல்

புதிய தொகுதி வந்ததும் "போன தேர்தலில் இங்கே யார் முன்னணி?" என்று எல்லோரும் கேட்பார்கள். போன தேர்தலில் அந்தத் தொகுதியே இருக்கவில்லை. இதற்காகத் தேர்தல் ஆணையமான இலெக்ஷன்ஸ் கனடா பழைய முடிவுகளைப் புதிய எல்லைக்கு மாற்றிக் கணக்கிட்டு வெளியிடுகிறது. சில நூறு வாக்காளர்கள் கொண்ட வாக்களிப்புப் பிரிவுதான் இதற்கு அலகு. ஒரு பிரிவு முழுவதும் புதிய தொகுதிக்குள் விழுந்தால் அதன் வாக்குகள் அப்படியே போகும். புதிய கோடு ஒரு பிரிவை வெட்டினால், வெட்டுப்பட்ட பக்கங்களின் அளவுக்கேற்ப வாக்குகளைப் பங்கிடுவார்கள்.

சிக்கல் வருவது முன்கூட்டிய வாக்குகளிலும் தபால் வாக்குகளிலும்தான். முன்கூட்டிய வாக்குச்சாவடி பல பிரிவுகளுக்குப் பொதுவானது. தபால் வாக்குகளோ தொகுதி முழுவதற்கும் ஒன்றாக எண்ணப்படும். அவற்றை மதிப்பீட்டில்தான் பிரிக்க முடியும். ஆகவே "2011 இல் ஸ்காபரோ வடக்கு" என்ற அட்டவணையைப் பார்த்தால் அதை மதிப்பீடாகவே எடுங்கள். 2011 இல் யாரும் அந்தப் பெயரில் வாக்குச்சீட்டில் புள்ளடி போடவில்லை.

கட்சிகளின் தொகுதிச் சங்கங்களுக்கும் இதே பிரச்சினை. பழைய சங்கம் எந்தப் புதிய தொகுதியில் தொடரப்போகிறது என்பதைத் தேர்தல் ஆணையத்துக்கு அறிவிக்க வேண்டும். அறிவிக்காவிட்டால் அதன் பதிவு நீங்கும். இரண்டாக உடையும் தொகுதியில் வங்கிக் கணக்கும் உறுப்பினர் பட்டியலும் எந்தப் பக்கம் போவது என்பது உள்ளூரில் பெரிய பேச்சுவார்த்தையாகிவிடும். உறுப்பினருக்கும் அதே தெரிவு உண்டு. ராதிகா சிற்சபைஈசன் ஸ்காபரோ வடக்கைத் தேர்ந்தார். 2015 இன் லிபரல் அலையில் அங்கே ஷான் சென் வென்றார், ராதிகா மூன்றாம் இடத்துக்குப் போனார். அதே நாளில் பக்கத்து ரூஜ் பார்க்கில் லிபரல் வேட்பாளர் ஹரி ஆனந்தசங்கரி வென்றார். உடைந்த தொகுதியின் ஒரு பாதியில் தமிழ்ப் பிரதிநிதித்துவம் தொடர்ந்தது, வேறொரு கட்சியின் வழியாக.

அதே பெயர், வேறு சபைகள்

பழைய செய்திகளைத் தேடினால் 2016 இலும் 2017 இலும் "ஸ்காபரோ—ரூஜ் ரிவர் இடைத்தேர்தல்" என்று வரும். 2015 இல் மறைந்த தொகுதியில் எப்படி இடைத்தேர்தல் வந்தது?

1999 முதல் ஒன்ராறியோவின் மாகாணத் தொகுதிகள் மத்திய தொகுதிகளின் எல்லையையும் பெயரையும் பின்பற்றத் தொடங்கின. வடபகுதியில் மட்டும் 2005 க்குப் பிறகு வித்தியாசம் உண்டு. ஆனால் மாகாணம் மாற்றத்தைத் தன் சொந்த அட்டவணைப்படி ஏற்கிறது. 2015 இன் மத்திய வரைபடத்தை அது 2018 தேர்தலில்தான் எடுத்தது. அதுவரை மாகாண சட்டமன்றத்தில் ஸ்காபரோ—ரூஜ் ரிவர் உயிரோடு இருந்தது: அல்வின் கர்லிங், பாஸ் பல்கிசூன் என்ற லிபரல்காரர்கள், பிறகு 2016 செப்டம்பர் 1 இடைத்தேர்தலில் வென்ற முற்போக்கு கொன்சர்வேட்டிவ் கட்சியின் ரேமண்ட் சோ.

மாநகரசபையிலும் அந்தப் பெயர் இருந்தது. மத்திய தொகுதியை இரண்டாகப் பிரித்து 41, 42 ஆம் வட்டாரங்களாக்கியிருந்தார்கள். 42 ஆம் வட்டாரத்தின் கவுன்சிலராக இருந்த ரேமண்ட் சோ மாகாணத்துக்குப் போனதால் வெற்றிடம் வந்தது, 2017 பெப்ரவரியில் நீதன் சான் அதை வென்றார். 2018 இல் மாகாண அரசு ரொறன்ரோ மாநகரசபையை 25 வட்டாரங்களாகக் குறைத்தது. அந்த 25 உம் 2015 இன் மத்திய தொகுதிகளே.

ஆகவே பழைய முடிவொன்றைக் கண்டால் முதலில் கேட்க வேண்டியது எந்தச் சபை என்று. அடுத்தது எந்த ஆண்டின் பிரதிநிதித்துவ ஆணை என்று. இந்த இரண்டும் தெரிந்த பிறகுதான் எல்லையைப் பார்க்கலாம். ஆணையின் வாசகம் எல்லையை ஒரு புள்ளியில் தொடங்கி, வீதி வீதியாக நடந்து, திரும்பத் தொடங்கிய புள்ளிக்கே வரும்படி சொல்லும். ஒரு வீதி வரைபடத்தை விரித்து, பென்சிலால் அதைத் தொடர்ந்து வரைந்து பாருங்கள். 1987, 1996, 2003 ஆணைகள் மூன்றையும் ஒரே தாளில் வெவ்வேறு நிறத்தில் வரைந்தால், எந்தத் தெரு எப்போது உள்ளே வந்தது, எப்போது வெளியே போனது என்பது தெளிவாகும். ஒரு வீதியின் பெயரோ பாதையோ பின்னர் மாறியிருக்கலாம். அதனால் அந்தந்தக் காலத்து வரைபடத்தையே பயன்படுத்துங்கள்.

வாரிசுகளின் நிலை

ஸ்காபரோ—ரூஜ் பார்க்கும் இப்போது முன்னாள் தொகுதியாகிவிட்டது. 2015, 2019, 2021 என்று மூன்று தேர்தல்களோடு அதன் கணக்கு முடிந்தது. 2021 கணக்கெடுப்பில் ஸ்காபரோவில் 629,941 பேர். பத்து ஆண்டில் சுமார் நாலாயிரம் பேர்தான் கூடியிருக்கிறார்கள். மாகாணமோ 14,223,942 க்கு வளர்ந்து, 122 ஆசனங்களுக்குச் சராசரி 116,590 ஆகிவிட்டது. வகுத்தால் 5.40. ஆறு முழுத் தொகுதிக்கு இனி இடமில்லை, ஐந்தும் போதாது. இம்முறை மீதி மேற்கே விக்டோரியா பார்க் அவென்யூவைத் தாண்டியது. ஸ்காபரோ மத்தி—டொன் வலி கிழக்கு என்ற கலப்புத் தொகுதி வந்தது. ரூஜ் பார்க் கில்ட்வூட்டோடு சேர்ந்து ஸ்காபரோ—கில்ட்வூட்—ரூஜ் பார்க் ஆனது. 2025 இல் ஹரி ஆனந்தசங்கரி வென்றது அதில்தான். ரொறன்ரோவின் மத்திய தொகுதிகள் 25 இலிருந்து 24 ஆகின. மாநகரசபையில் 25 வட்டாரங்கள் அப்படியே இருப்பதால், இரண்டு வரைபடங்களும் இப்போது பொருந்துவதில்லை.

அடுத்த மறுசீரமைப்பு 2031 கணக்கெடுப்புக்குப் பிறகு. ஆணைக்குழு முதலில் முன்மொழிவை வெளியிடும், பிறகு பொதுமக்கள் அமர்வுகளை நடத்தும். சமூகங்களின் பொது நலனையும் அடையாளத்தையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்று சட்டமே சொல்வதால், அங்கே பேச எல்லோருக்கும் உரிமை உண்டு. ஆனால் "எங்கள் சமூகத்தைப் பிரிக்காதீர்கள்" என்று மட்டும் சொல்லும் மனு அதிக தூரம் போகாது. எந்த வீதியிலிருந்து எந்த வீதிவரை, அதற்குள் கணக்கெடுப்பின்படி எத்தனை பேர், அவர்களை இந்தத் தொகுதியில் சேர்த்தால் அந்தத் தொகையை எங்கிருந்து கழிப்பது, கழித்த பிறகு அண்டைத் தொகுதியும் 25 சதவீத வரம்புக்குள் நிற்கிறதா என்று வரைபடத்தோடும் எண்களோடும் காட்டும் மனுவைத்தான் ஆணைக்குழு எடுத்து வேலை செய்ய முடியும். அமர்வில் பேச விரும்புபவர்கள் முன்கூட்டியே எழுத்தில் அறிவிக்க வேண்டும், அதற்கான அவகாசம் குறுகியது. அதற்குப் பிறகு எல்லையைப் பற்றி முறைப்படி ஆட்சேபிக்கும் வழி நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு மட்டுமே உண்டு. அதற்கும் பத்து உறுப்பினர்களின் கையொப்பம் வேண்டும், இறுதி முடிவு ஆணைக்குழுவுடையதே.